காதில் சொன்ன பெயர்

துவாதசிக் காலை. முந்தின நாள் முழுக்க உபவாசம் இருந்த என் பெரிய அண்ணா, விடிந்த சற்று நேரத்துக்கெல்லாம் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அகத்திக்கீரை வெந்த வாசனை கூடம் முழுவதும் நிறைந்திருந்தது. முற்றத்து வெயில் மெல்ல நகர்ந்து வந்து இலையின் நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சமையலறை வாசலில் வேதா நின்றிருந்தாள். என் தம்பி சீனுவின் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இரண்டு காதிலும் மெஷின் உண்டு. அதன் வழியே பட்டாசுச் சத்தமும் கதவு அறையும் சத்தமும் ஏதோ அதிர்வாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

இலையைச் சுற்றித் தீர்த்தம் விட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால், எழுந்திருக்கும்வரை அண்ணா வாய் திறக்க மாட்டார். வேண்டியதை இடது கையால் காட்டுவார். அன்று கையைக் கிண்ணம்போல் குவித்து மேலே தூக்கினார். சாத்தமுது வேண்டும் என்று அர்த்தம். ரசத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

பரிமாற வேண்டிய மாலதி உள்ளே அடுப்புப் பக்கம் இருந்தாள். மாலதி சீனுவின் மனைவி, வேதாவின் அம்மா. அண்ணாவின் கையை வேதா பார்த்தாள். உள்ளே ஓடி, அம்மாவின் புடவையை இழுத்து, தன் சின்னக் கையைக் குவித்துத் தூக்கிக் காட்டினாள்.

மாலதி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். பழக்கத்தில் செய்தாளா, வேண்டுமென்றே செய்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அண்ணா இன்னொரு தரம் கையைத் தூக்கினார். வெறும் சாதம் இலையில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அதிலேயே மோரை விட்டுக்கொண்டு முடித்து எழுந்தார்.

கை அலம்பி வந்து துண்டால் வாயைத் துடைத்தபடி கேட்டார். "என்ன மாலதி, இன்னிக்குச் சாத்தமுது பண்ணலையா?"

"பண்ணியிருக்கேனே அண்ணா. ஈயச்சொம்புல அப்படியே இருக்கு."

"கேட்டேனேம்மா. ரெண்டு தரம் கேட்டேன்."

"எனக்குக் காதுல விழலையே." அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "வேதா வந்து கையைக் காட்டினா. கையால கேட்டா குடுக்கக் கூடாது, வாயால கேட்டாத்தான் குடுக்கணும்னு நீங்கதானே சொல்லியிருக்கேள்?"

"அது குழந்தைக்குச் சொன்னது."

"எது குழந்தைக்கு, எது பெரியவாளுக்குன்னு அவளுக்கு எப்படி அண்ணா தெரியும்?"

துவாக்குடி கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சீனு, பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "காலங்கார்த்தால ஆரம்பிச்சாச்சா?" என்றான்.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் மாலதி. "ஜூன்ல இவளைக் கையால பேசற ஸ்கூல்லதான் சேர்க்கப் போறேன். எல்லாரும் கேட்டுக்கோங்கோ."

வேதா எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா வாயும் மூடியிருந்தது.

இடது கையின் சொற்கள்

இந்தப் பத்திரிகைத் தொடரில் திதி, நட்சத்திரம், கிழமை தப்பாமல் எழுதுபவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். சித்திரை வீதியில் தேர் திரும்பிய நேரத்தைச் சென்ற வாரம் தப்பாகக் குறித்துவிட்டேன் என்று உறையூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் இந்த அத்தியாயத்துக்கு மட்டும் தேதி எதையும் தேடிப் பார்க்கப் போவதில்லை. வடக்கு உத்திர வீதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது, துவாதசிகளில் ஒன்று. இது போதும்.

சாப்பிடும்போது பேசாமல் இருப்பது எங்கள் அப்பாவிடமிருந்து அண்ணாவுக்கு வந்த பழக்கம். எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் உண்டு. கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அண்ணா. அவர் மனைவி, எங்கள் மன்னி, காலமானபின் அவர் பேச்சு குறைந்தது. இலைக்கு முன் அறவே நின்றது.

விரல் நுனிகளைச் சேர்த்துத் தேய்த்தால் உப்பு. கையை மூடித் திருப்பினால் தயிர். உள்ளங்கையை இலைக்கு மேல் விரித்தால் போதும். ஒற்றை விரலை லேசாக ஆட்டினால் இன்னும் கொஞ்சம். நெய்க்கு மட்டும் அண்ணா கை காட்டுவதில்லை, கண்ணாலேயே கேட்டுவிடுவார். பந்தியில் பத்துப் பேர் இப்படிச் சாப்பிடும்போது பார்த்தால், தண்ணீருக்குள் நடக்கும் விருந்து மாதிரி இருக்கும். இலைகளின் சலசலப்பு மட்டும்தான் கேட்கும்.

அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் வேதா. அந்த வீட்டில் அவளுக்குப் புரிந்த ஒரே பேச்சு அதுதான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கட்டிய கைகள்

வேதாவுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, வீதியில் யானை பிளிறியும் அவள் தூக்கம் கலையாததைப் பார்த்துத்தான் மாலதிக்குச் சந்தேகம் வந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்து கருவி பொருத்தலாமா என்று சென்னைவரை போய்க் கேட்டோம். உள்காதிலிருந்து போகும் நரம்பே சரியாக அமையவில்லை, கருவியால் பலன் இருக்காது என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு நகரத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி மையம். தினமும் மாலதி கூட்டிப்போவாள். மெழுகுவர்த்திச் சுடருக்கு முன் "ப, ப" என்று ஊதச் சொல்வார்கள். தொண்டையில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மூன்று வருஷம் இப்படியே போனது. "அம்மா", "பால்", "பூ" என்று சொல்லுவாள். தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அங்கே ஒரே கட்டளை: கையால் காட்டினால் எதுவும் கொடுக்காதீர்கள், கை வந்துவிட்டால் வாய் வராது. வீட்டில் அதை அதிகக் கண்டிப்போடு நடத்தியவர் அண்ணாதான். குழந்தைமேல் உயிர் அவருக்கு. அவள் பேச வேண்டும் என்று ஏகாதசி போக மற்ற நாள்களிலும் விரதம் இருந்தார். அவள் கை தூக்கினால், "மாலதி, கையைப் பிடிச்சுக்கோ," என்பார். நாளடைவில் யாரையாவது பார்த்தாலே வேதா தன் கைகளைத் தானே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். எல்லோரும் ரொம்ப அடக்கமான குழந்தை என்றார்கள்.

பாலத்தின்மேல் ஒரு பஸ்

அந்தத் துவாதசிக்குச் சில வாரங்களுக்கு முன் ஒருநாள் பயிற்சி முடிந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆபீஸ் விட்டு வந்த நான் சத்திரம் நிறுத்தத்தில் மாலதியோடும் வேதாவோடும் சேர்ந்துகொண்டேன்.

எதிர் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். இருவரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் மேற்கு வெயில் சாய்ந்து உள்ளே வந்தது. அவர்கள் விரல்களுக்கு நடுவே அது துண்டு துண்டாக நழுவியது. ஒருத்தி எதையோ சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தி சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அது என்ன கதை என்று தெரிந்துகொள்ள பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் ஆசை. கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார்.

ஒரு தீவைப் பற்றி எப்போதோ படித்திருக்கிறேன். அங்கே காது கேளாமல் நிறையப் பேர் பிறந்ததால், காது கேட்பவர்களும் கையால் பேசக் கற்றிருந்தார்களாம். தூரத்துப் படகுக்காரர்கள் அலைக்கு மேலே அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம். பாலம் தாண்டும்வரை நான் அந்தத் தீவில் இருந்தேன்.

வேதா இமைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் எப்போது முன்னால் வந்தன என்று நான் பார்க்கவில்லை. மடியில் கிடந்தன. விரல்கள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

சிரிக்க வைத்த பெண் வேதாவின் காது மெஷினைக் கவனித்துவிட்டுக் கையசைத்தாள். மாலதி செல்போனில் எதையோ தட்டிக் காட்டினாள். அவள் பதிலுக்குத் தட்டினாள். இறங்குவதற்குள் விவரம் தெரிந்துவிட்டது. பெயர் செல்வி. தொட்டியத்துப் பெண், வீட்டில் வாழைச் சாகுபடி. நகரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் டீச்சர். அங்கே முதல் நாளிலிருந்தே கையால்தான் பாடம்.

மாலதி அடுத்த வாரமே எங்களிடம் சொல்லாமல் அந்தப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அண்ணாவின் பாடசாலை

சாத்தமுது வராத துவாதசிக்குப் பிறகு அண்ணா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கூடத்தில் வேதாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டார்.

"மாலதி சொன்னதுல நியாயம் இருக்கு, கோமளம்," என்றார் என்னிடம். "கையாலதான் வரும்னா கையாலயே சொல்லிக் குடுப்போம். அதுக்கு எதுக்கு வேற ஸ்கூல்? அங்க போனா வாய்ப்பேச்சு அடியோட நின்னுடும். நம்ம ஆத்துலயே தலைமுறையா இருக்கே இந்த வித்தை!"

இலைக்கு முன் காட்டும் கைகளையே வைத்து ஒரு பாஷை கட்ட ஆரம்பித்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தால் கோயில். விரலால் நெற்றியில் மேல்நோக்கி இழுத்தால் பெரியப்பா, அதாவது அவர் நாமம். வயிற்றைத் தொட்டுத் தலையாட்டினால் ஏகாதசி. வேதா சட்டென்று பிடித்துக்கொண்டாள். கை கட்டாமல் இருக்கலாம் என்பதே அவளுக்குத் திருவிழாவாக இருந்தது.

சீனு ஷூவைக் கழற்றியபடி வம்புக்கு இழுப்பான். "அண்ணா, தாலுகா ஆபீசுக்கு என்ன கை?"

"கண்ணை மூடிண்டு தலையைச் சாய்ச்சுக்கோ. போதும்."

"இன்கம்டாக்ஸ்?"

"துண்டை உதறித் தோள்ல போட்டுண்டு வெளில போ."

மாலதிகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "இவர் கட்டற பாஷையை இந்த உத்திர வீதி ஆத்துக்குள்ள நாலு பேர்தானே பேசுவா? அவ கல்யாணம் பண்ணிண்டு போறது எங்க, வேலைக்குப் போறது எங்க? இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா எனக்குப் பயமா இருக்கு அக்கா."

அண்ணாவிடமும் ஒரு கேள்வி இருந்தது. அதையும் நான் ஒதுக்க முடியாது. "அந்த ஸ்கூல் பாஷை மட்டும் ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கடைக்காரனுக்குத் தெரியுமா? பஸ்ல தெரியுமா? நம்ம எல்லாரையும் விட்டுட்டு அவ வேற ஒரு ஊருக்குக் குடிபோன மாதிரி ஆயிடாதா?"

பயம் இருவருக்கும் ஒன்றுதான். எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு பயந்தார்கள்.

செல்வி வந்த ஞாயிறு

மாலதி கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் செல்வி வந்தாள். பை நிறைய வீட்டுத் தோட்டத்து ரஸ்தாளி. அண்ணா மாணவியைப் பரீட்சைக்கு நிறுத்துவதுபோல் வேதாவை முன்னால் நிறுத்தினார். வேதா எல்லாவற்றையும் செய்தாள். உப்பு, தயிர், போதும், இன்னும் கொஞ்சம், கோயில், பெரியப்பா, ஏகாதசி. செல்வி ஒவ்வொன்றுக்கும் கைகளை உயர்த்தி விரல்களை மினுக்கினாள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்புறம் அவள் வேதாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஏதோ கேட்டாள். வேதா பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்வி தன் மார்பைத் தொட்டு ஒன்று காட்டினாள். மாலதியைச் சுட்டிக் காட்டினாள். மறுபடி வேதாவைச் சுட்டிக் கேட்டாள். வேதா யோசித்து, கையை மூடித் திருப்பினாள். தயிர்.

செல்வி செல்போனில் தட்டி அண்ணாவிடம் நீட்டினாள்.

"நல்லா புடிச்சுக்கிறா சார். கை ரொம்ப சுறுசுறுப்பு. ஆனா இதெல்லாம் வேணும், போதும், வாங்க, போங்க. இதை வச்சு ஒரு கதை சொல்ல முடியாது. இப்ப பேர் கேட்டேன். பேர்னா என்னன்னு அவளுக்குத் தெரியல."

"இதென்ன பேச்சு!" என்றார் அண்ணா. "வேதான்னா திரும்பறாளே. நான் கூப்பிட்டா ஓடி வராளே. சொல்லு மாலதி."

மாலதி அதைத் தட்டிக் காட்டினாள். செல்வி படித்துவிட்டுத் தலையாட்டினாள். மறுபடி எழுதினாள்.

"திரும்புவா. கூப்பிடுறீங்கன்னு தெரியும். அது தனக்கு வச்ச பேர்னு தெரியாது. எல்லாருக்கும் ஒரு பேர் இருக்குன்னும் தெரியாது. நானும் ஏழு வயசு வரைக்கும் அப்படித்தான் இருந்தேங்க."

அண்ணா அதை இரண்டு மூன்று முறை படித்தார் என்று நினைக்கிறேன். திரையின் வெளிச்சம் அணைந்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

எனக்கு வேதாவின் நாமகரணம் நினைவுக்கு வந்தது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, சீனு மோதிர விரலால் "வேதவல்லி" என்று எழுதினான். பிறகு எங்கள் வழக்கப்படி குழந்தையின் வலது காதில் பெயரை மூன்று முறை சொன்னான். அவன் சொல்லி முடித்ததும் அண்ணாவும் குனிந்து சொன்னார். சத்தமாகச் சொன்னால் குழந்தை பயந்துவிடும் என்று மெதுவாக, வெகு மெதுவாகச் சொன்னார். மஞ்சள் துணியில் அவள் அசையாமல் கிடந்தாள். எவ்வளவு சமர்த்தாகக் கேட்டுக்கிறாள் பார், என்று யாரோ சொன்னார்கள்.

அரிசியில் எழுதியதை அவள் பார்க்கவில்லை. காதில் சொன்னதை அவள் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டதாக நினைத்து விருந்து சாப்பிட்டோம்.

அண்ணா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கிணற்றடியில் வாளி நகரும் சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஜூன்வரைக்கும் எதுக்குக் காத்திண்டிருக்கணும்?" என்றார். "நாளைக்கே சேர்த்துப்பாளான்னு அந்தப் பொண்ணைக் கேளு."

மாலதி தட்டுவதற்குள் செல்வி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையசைத்துவிட்டாள்.

போவதற்கு முன் அவள் வேதாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதா வாழைப்பழம் தின்னும்போது இடது கன்னத்தில் குழி விழுந்தது. செல்வி தன் கன்னத்தில் விரலை வைத்து ஒருமுறை திருகினாள். பிறகு வேதாவைச் சுட்டினாள். மறுபடி கன்னம், மறுபடி வேதா. வேதா பழத்தை வாயில் அடக்கியபடி தானும் கன்னத்தில் விரல் வைத்துத் திருகிப் பார்த்தாள். புரிந்து செய்தாளா, விளையாட்டா, தெரியாது.

மணலில் வரும் தண்ணீர்

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்புக்கு வந்துவிட்டது என்றால் ஊரே பேசும். ஆனால் எங்கள் படித்துறைக்கு அது எந்த நிமிஷத்தில் வந்தது என்று சொல்லக்கூடியவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. மணல் முதலில் கறுக்கிறது. அப்புறம் ஒரு பளபளப்பு. திரும்பிப் பார்த்தால் ஆறு.

வேதாவுக்கு மொழி வந்தது அப்படித்தான். நாள் குறிப்பதில் எனக்கு இருக்கும் கர்வத்துக்கு அது பெரிய அடி. தன் கன்னத்தைத் தொட்டு, இது என் பெயர், நான் என்று நிமிர்ந்து நின்ற நாள் எது? என் மூக்குக்கண்ணாடியைச் சுட்டி, அத்தைக்கு என்ன பெயர் என்று முதலில் கேட்டது எப்போது? மாலதி ஒரு நாள் சொல்கிறாள், சீனு வேறு நாள் சொல்கிறான். பல்லிக்குப் பெயர் கேட்டாள். குழாயில் சொட்டும் தண்ணீருக்கு, மாவு சலித்தபின் மிஞ்சும் கப்பிக்கு, அம்மாவின் தலைவலிக்குப் பெயர் கேட்டாள். பதில் தெரியாமல் நாங்கள்தான் திணறினோம்.

பெற்றோருக்காக அந்தப் பள்ளியில் சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறார்கள். மாலதியும் சீனுவும் போனார்கள். இரண்டாவது வாரம் அண்ணாவும் கிளம்பினார். நெற்றியில் பளிச்சென்று திருமண், தோளில் மடித்த அங்கவஸ்திரம், குழந்தைகளின் குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். விரல்கள் அவருக்கு லேசில் மடங்கவில்லை. வீட்டில் வேதா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்துவாள், பொறுமை போனால் தலையில் அடித்துக்கொள்வாள்.

"வகுப்புல எத்தனையோ பேரைப் பெயிலாக்கினேன்," என்பார் அண்ணா. "மொத்தமா இப்பத் திருப்பிக் குடுக்கறா."

வாய்ப்பேச்சு நின்றுபோகவில்லை. மையத்துக்குப் போவதை நிறுத்தினோம். "அம்மா" மட்டும் முன்பைவிடத் தெளிவாக, தனக்குத் தோன்றும்போது, வாயால் வருகிறது.

மார்கழிக்கு முந்தின குளிர் தொடங்கியிருந்தது. விடிந்தும் விடியாத நேரம். மாலதி காபி கலந்துகொண்டிருந்தாள், அண்ணா ஊஞ்சலில், நான் பேப்பரோடு. போர்வையை இழுத்துக்கொண்டே வேதா வந்தாள். கண் பாதிதான் திறந்திருந்தது. போர்வையைக் கீழே விட்டுவிட்டு, பேசக் கைகளைத் தூக்கினாள்.

மாடு, என்றாள். நீலம். மொட்டைமாடியில்.

எங்கே, எப்போது என்று மாலதி கேட்டாள். வேதா இல்லை என்று தலையாட்டினாள். கண்ணை மூடி, கன்னத்தில் கையை வைத்துச் சாய்த்து, நெற்றிக்குப் பக்கத்திலிருந்து விரல்களை மேலே பறக்கவிட்டாள். அந்தச் சொல்லை எங்களில் யாருக்கும் அவள் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆனாலும் புரிந்துவிட்டது.

மாலதியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. ஆறு வருஷம் அந்தக் குழந்தை எங்கள் நடுவில் படுத்துத் தூங்கி எழுந்திருக்கிறாள். இரவெல்லாம் எங்கே போய்வந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

நீல மாடு தொட்டித் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டது. வயிறு இவ்வளவு பெரிது. வேதா அதன்மேல் ஏறிக்கொண்டாள். மாடு மெதுவாகக் கூரைகளின்மேல் நடந்து கொள்ளிடத்துக்குப் போனது. மணல் முழுக்க ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நிறைய, நிறையப் பேர். வேதா இறங்கி, ஒவ்வொருவராகத் தோளைத் தட்டி எழுப்பினாள்.

அங்கே கைகள் நின்றன. கொட்டாவி வந்தது. சொன்னது போதும் என்று நினைத்தாளோ என்னவோ, போர்வையை எடுக்கக் குனிந்தாள்.

அண்ணா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். அவள் நிமிரும்வரை காத்திருந்தார். நிமிர்ந்ததும், தன் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களைச் சரிபார்த்துக்கொண்டு, கேட்டார்:

அப்புறம்?